ஏழடி இரண்டங்குலம்

வெள்ளவத்தையில் நாலாம் மாடி.
நடுச்சுவரை உடைத்த மறுநாள்
குசினி எங்கே முடிகிறதென்று
தரைக்கே தெரியவில்லை.

சீமெந்துத் தூசியில் குந்தியிருந்து
தினூஷ நீல டேப் ஒட்டுகிறான்.
நீளம் எட்டரை, அகலம் மூன்றேகால்.
"இதுதான் ஐலண்ட் மிஸ்.
சுற்றிவர மூன்றடி, நடந்து பாருங்கள்."

நடந்து பார்த்தேன்.
கையில் இல்லாத பானையோடு
இல்லாத அடுப்பிலிருந்து
இல்லாத சிங்குக்கு நாலு எட்டு.
கொதிக்கும் சோற்றை வடிக்கப் போகிறவளுக்கு
நாலு எட்டு என்பது பயணம்.
இரண்டாக்கு என்றேன்.
டேப்பை உரித்தான்.
தூசியும் கூடவே எழும்பி வந்தது.

சுகிர்தனுக்கு அந்தச் சொல் பிடிக்காது.
பன்னிரண்டு வயதில் வேலணையிலிருந்து வந்தவரை
விடுதிப் பெடியள் 'தீவான்' என்றார்களாம்.
பெயர் சொல்லிக் கூப்பிட
இரண்டு வருஷமாய் ஒருவனுக்கும் நேரம் கிடைக்கவில்லை.
ஆகவே பிளானில் ஐலண்டை வெட்டிவிட்டு
'நடுமேசை' என்று பென்சிலால் எழுதி வைத்தார்.
தமிழ் வாசிக்கத் தெரியாத தினூஷ
அது ஏதோ புதிய அலுமாரி என்று நினைத்து
விலை போட்டு அனுப்பிவிட்டான்:
ஒரு லட்சத்து எண்பதாயிரம்.

பிறகு துருவலை.
மேசை விளிம்பில் பூட்டித் திருகும் சாதி.
கல் இரண்டு பக்கமும்
அருவிமாதிரி தரைவரை இறங்கும் என்கிறான்.
இறங்கட்டும் தம்பி,
துருவலை எந்த விளிம்பைக் கடிக்கும்?
ஒரு பக்கத்து அருவியை நிறுத்தி
நாலங்குலம் வெளியே நீட்டிவிடு.
முகம் சின்னதாய்ப் போயிற்று.
படத்தில் பூச்சாடி நின்ற மூலையில்
இப்போது ஒரு பாதித் தேங்காய்.

காஸ் சிலிண்டர் இரண்டுக்கு இடம் கேட்டேன்.
"ஒன்று போதும் மிஸ், போன் எடுத்தால் வருமே."
நான் ஒன்றும் சொல்லவில்லை.
அவன் நிமிர்ந்து பார்த்தான்.
அந்த வருஷம் அவனும் எங்கேயோ ஒரு வீதியில்
வெறும் சிலிண்டரைச் சங்கிலியால் பிணைத்து
பக்கத்தில் விடிய விடிய இருந்திருப்பான்.
குனிந்து, இரண்டு என்று எழுதினான்.

கடைசியில் நீளத்தை முடிவு செய்தது
நாங்கள் ஒருவருமில்லை.
கல்லுக்கடை ஃபாயிஸ் நானா
லிஃப்டுக்குள் போய் நின்று
மூலைக்கு மூலை அளந்துவிட்டுச் சொன்னார்:
ஏழடி இரண்டங்குலம்.
படியால் ஏற்றினால்?
மூன்றாம் மாடித் திருப்பத்தில்
திருமதி குலவீரசிங்கத்தின் சப்பாத்து ராக்கை.
நகர்த்தச் சொல்லிக் கேட்கும் துணிவு
இந்தக் கட்டடத்தில் யாருக்கும் இல்லை.
இரண்டு துண்டாய் ஒட்டினால்?
"ஒட்டலாம் தங்கச்சி.
ஒட்டுக்குள்ள மஞ்சள் இறங்கும்.
பிறகு ஆயுசுக்கும் அதைத்தான் பார்ப்பீங்க."

இரவு.
ஃப்ரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியை
டேப்புக்குள் படுக்கவைத்தோம்.
கிட்டத்தட்டச் சரி.
கொத்துப் பார்சலை விரித்து
அவர் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்,
ஏதோ வங்கிக் கவுண்டரில் நிற்பதுபோல.
இருபது வருஷம் பாமன்கடை அனெக்ஸில்
அவருடைய இடக்கையும் என் வலக்கையும்
ஒரே சட்டிக்கு மேல் இடிபட்டவை.
தாளிக்கும்போது சண்டை,
சண்டைக்குள் கடுகு கருகும்.

"தூரமாய்க் கிடக்கு" என்கிறார்.
குழம்புப் பையை எட்டித் தருகிறேன்.
முழங்கை ஊன்றிய இடத்தில்
பெட்டி மெல்ல உள்வாங்குகிறது.
கீழே கடலோரம் ரயில் போக
வாளிக்குள் கரண்டி நடுங்குகிறது.
சிங்க் வரப்போகும் இடத்துக்குச் சற்று இடப்பக்கமாய்
எண்ணெய் ஊறிப் படர்கிறது.

"பாரும், உம்மட தீவு தாழுது."

அகலத்தில் ஆறங்குலம் குறைக்கலாம்.
பென்சிலைத் தேடுகிறேன்.
தினூஷ காதில் செருகிக்கொண்டு
போய்விட்டான்.